விசிட்டர் அட்டையோடு வேலைக்கு வந்த சாந்தி

போன வாரம் பவித்ரா போனில் கூப்பிட்டாள். மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலையில் நான் ஓய்வு பெற்றபோது காலியான நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்ல மறந்தாலும் மறப்பாள், கணினி மக்கர் பண்ணினால் மட்டும் என் நினைவு தவறாமல் வந்துவிடும். பழைய மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியது போடப் போகிறார்களாம். பழையதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதைக் கழித்துவிடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

"ஆன்ட்டி, கான்ட்ராக்ட் பக்கத்துல 'சீசனல் ஹோல்ட்'னு ஒன்னு இருக்கு. அது எதுக்குன்னு இங்க யாருக்குமே தெரியல. மேனுவல்லயும் இல்ல. யாருக்காகப் போட்டாங்கன்னு ஒரு பேரு மட்டும் ரெக்கார்டுல இருக்கு, அவங்களே ஒருவாட்டிகூட யூஸ் பண்ணல. எடுத்துரலாம் லா?"

எடுத்துவிடாதே, எழுதி அனுப்புகிறேன் என்றேன். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி வரும் என்று நினைத்திருப்பாள். பாவம், உட்கார்ந்து இதைப் படிக்கட்டும்.

நான் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா செம்பனைக் குலை வெட்டினார். தட்டெழுத்து படித்ததால் எனக்குத் தொழிற்சாலையில் குளிரூட்டிய அறை கிடைத்தது. அந்தப் பெருமையில் அம்மா ஒரு மாதம் கோயிலுக்குப் போய் வந்தார். முதல் சில வருடங்கள் தாளில் துளை போடுவதிலும் நகல் எடுப்பதிலும் போயின. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியவர் என் மேலாளர் திரு. சற்குணம்.

யாழ்ப்பாணத்து வழியில் வந்தவர். மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தும் தாத்தா கப்பலில் கொண்டுவந்த பேச்சைக் கீழே வைக்காதவர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் ஒரே ஒரு மைப்பேனா. எங்கள் தொழிற்சாலையில் உற்பத்தி வரிசைப் பெண்கள் எல்லாரும் ஒரு வருட ஒப்பந்தத்தில்தான் வேலை செய்தார்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மற்ற இடங்களில் வரிசையில் நிற்க வைத்து, கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டி, இங்கே போடு அங்கே போடு என்று முடித்துவிடுவார்கள். சற்குணம் அப்படிச் செய்ய மாட்டார். வந்தவளை உட்கார வைப்பார். தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து, விரலை ஒவ்வொரு வரியின் கீழும் ஓட்டி, தமிழில் விளக்குவார். முடிந்ததும், "விளங்கிச்சுதோ?" என்பார். எல்லாரும் விளங்கியது என்றுதான் சொல்வார்கள். அவர் நம்ப மாட்டார். நோட்டீஸ் எவ்வளவு, மருத்துவ விடுப்பு எப்படி என்று திருப்பிக் கேட்டு, அவள் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் பேனாவின் மூடியைக் கழற்றுவார். அதையும் கையில் கொடுக்க மாட்டார், மேசையில் வைப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கையில குடுத்தா அது கட்டளை, பிள்ளை. மேசையில வைச்சா அது கேள்வி."

அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒருத்தியிடம் அரை மணி நேரம் செலவழித்தால் வேலை எப்போது முடியும் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஆடி மாதக் கதைக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலை முதன்முதலில் ஆள் எடுத்தது ஒரு ஆகஸ்ட் மாதத்தில், வேலை கிடைத்தால் போதும் என்று அன்றைக்கு யாரும் மாதம் பார்க்கவில்லை. அதனால் பழைய பெண்களின் ஒப்பந்தங்கள் எல்லாம் ஆகஸ்ட் தொடக்கத்தில் முடியும். அதாவது ஆடிக்கு நட்டநடுவில். ஆடியில் வீடு மாற மாட்டார்கள், பெண் பார்க்க மாட்டார்கள், புதிதாக எதிலும் கை வைக்க மாட்டார்கள். புது ஒப்பந்தம் மட்டும் என்ன விதிவிலக்கா? முதல் வருடமே எங்களுக்கு இது புரிந்துவிட்டது. பேனா மேசையிலேயே கிடந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆகவே சற்குணம் ஒரு வழக்கம் வைத்தார். ஆனி மாதம் முடிவதற்குள் எல்லாரையும் கூப்பிட்டு முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுவது. தவறிப்போனவர்களுக்கு ஒரு சிறு நீட்டிப்புக் கடிதம், அதில் அவர் மட்டும் கையெழுத்துப் போடுவார். ஆவணி பிறந்ததும் அவர்கள் வந்து போடுவார்கள். ராகு காலத்துக்கும் ஏற்பாடு இருந்தது. இந்தியாவில் அடித்த காலண்டரில் ஒரு நேரம், இங்கே கோயிலில் கொடுத்த காலண்டரில் வேறு நேரம். சற்குணம் இரண்டையும் சுவரில் மாட்டி, அவரவர் எதை நம்புகிறார்களோ அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

நீங்கள் தேவாலயம் போகிறவர், உங்களுக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு, தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எனக்கு நம்பிக்கை இல்லைத்தான். கையெழுத்து அவையளின்ரதானே."

அவர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து கிரிஷ் வந்தார். முழுப்பெயர் கிருஷ்ணமூர்த்தி, ஆனால் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். கெட்ட மனிதர் இல்லை. நல்ல மூடில் இருந்தால் என்னைக் 'கமலாக்கா' என்பார், கோபமாக இருந்தால் 'மேடம்' என்பார். எங்கள் அலமாரிகளைப் பார்த்ததும் அவருக்குத் தும்மல் வந்தது. எல்லாவற்றையும் கணினிக்கு ஏற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்து, ஒரு மென்பொருள் நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்த நிறுவனத்தோடு எங்கள் தொழிற்சாலை செய்துகொண்ட ஒப்பந்தம் எப்படிக் கையெழுத்தானது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் தலைமை நிர்வாகி மிஸ்டர் லிம்தான் கையெழுத்துப் போட வேண்டியவர். எல்லாம் தயாராக இருந்தது, அவர் பேனாவைத் தொடவில்லை. அது சீனர்களுக்கு ஏழாம் மாதம். பசித்த ஆவிகள் தெருவில் நடமாடும் மாதம் என்பது அவர்கள் நம்பிக்கை, புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். சில உள்ளூர்க் காரணங்களை முன்னிட்டுச் சற்றுத் தாமதமாகும் என்று அந்த நிறுவனத்துக்கு மரியாதையான ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து அனுப்பியவளே நான்தான். அவர்களும் மறுபேச்சில்லாமல் காத்திருந்தார்கள். வாடிக்கையாளர் பெரிய ஆள் இல்லையா.

பிறகு ஒரு நல்ல நாளில் மென்பொருள் தொடக்க விழா நடந்தது. சிங்க நடனம் ஆடினார்கள். சர்வரை வைத்திருந்த அறை வாசலில் உஸ்தாஸ் என்கிற இஸ்லாமிய மதகுரு ஒருவர் துஆ ஓதினார். கேன்டீன்காரர் தேங்காய் உடைத்தார். கிரிஷ் கேக் வெட்டினார். இத்தனை பேருடைய சாமிகளும் வந்து ஆசீர்வதித்த அந்தப் பெட்டிக்கு ஒரு சாமியைக்கூட அடையாளம் தெரியாது என்பது எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது.

குறை மட்டும் சொல்லக்கூடாது. அந்நியத் தொழிலாளர்களின் அனுமதி எப்போது முடிகிறது என்று நாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தேடிய காலம் போய்விட்டது, அது தானாகவே மணி அடித்துச் சொன்னது. காணாமல் போன கோப்பு என்ற பேச்சே இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேலையையும் அது எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. ஒப்பந்தம் முடிவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தொழிலாளியின் கைப்பேசிக்குப் புது ஒப்பந்தம் போகும். 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினால் முடிந்தது. கெடுவுக்குள் அழுத்தாவிட்டால், அவருக்கு விருப்பமில்லை என்று அதுவே முடிவு செய்து, கணக்கை மூடிவிடும். கணக்கு மூடினால் வாசல் அட்டை வேலை செய்யாது, கிளினிக் அட்டை வேலை செய்யாது. அந்தக் கொஞ்ச நாளுக்கு முன்னாலும் அழுத்த முடியாது, பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும்.

அமைப்பு வேலை நடந்தபோதே நான் கிரிஷிடம் சொன்னேன்: இந்தப் பெண்களுக்கு ஆனியிலேயே பொத்தான் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஆடிக்குள் மாட்டிக்கொள்ளும். சற்குணம் செய்துவந்ததையும் விளக்கினேன். அவர் புன்னகையோடு கேட்டுவிட்டு, அதெல்லாம் 'லெகஸி' என்றார். லெகஸி என்றால் முன்னோர் விட்டுச் சென்ற சொத்து என்று பள்ளியில் படித்திருந்தேன். ஆபீஸில் அதற்குக் குப்பை என்று பொருள் என்பது அன்றுதான் தெரிந்தது.

முதல் ஆடி வந்தது. எல்லாருடைய கைப்பேசியும் ஒரே நாளில் சிணுங்கியது. கேன்டீனில் பெரிய வாதம் கிளம்பிவிட்டது. பொத்தானை அழுத்துவது கையெழுத்தா, இல்லையா? பேனா இல்லை, மை இல்லை, அதனால் கணக்கில் வராது என்றது ஒரு கட்சி. விரல் பட்டால் ரேகை பட்டதுதானே என்றது இன்னொரு கட்சி. சிலர் புருஷனை அழுத்தச் சொன்னார்கள். தோஷம் வந்தாலும் அவருக்கு வரட்டும் என்று ஒருத்தி சொன்னதை நானே கேட்டேன். மற்றவர்கள் ஆடிப்பெருக்கு நல்ல நாள், அன்றைக்கு அழுத்தலாம் என்று வழி கண்டுபிடித்தார்கள். ஆடிப்பெருக்கு அன்று மதிய இடைவேளையில் பாதிக் கேன்டீன் குனிந்து கைப்பேசியை அழுத்திக்கொண்டிருந்தது. ஏற்றவர்களின் எண்ணிக்கை ஏறுவதைத் திரையில் பார்த்து, தன் மென்பொருளுக்குக் கிடைத்த வரவேற்பு என்று கிரிஷ் பூரித்துப் போனார்.

சாந்தி மட்டும் அழுத்தவில்லை.

சாந்தி ஜாசினிலிருந்து தொழிற்சாலைப் பேருந்தில் வருகிறவள். சோதனை மேசையில் உட்கார்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்து, பழுதானதைக் கழிப்பது அவள் வேலை. அதிகம் பேச மாட்டாள். கணவர் இல்லை, ஒரே மகள் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் மேசைக்கே போய், இது சற்குணம் ஐயா இல்லை, மிஷின், காத்திருக்காது என்று எச்சரித்தேன். தலையாட்டினாள். சரி என்பதற்கும் அவள் அப்படித்தான் ஆட்டுவாள், மாட்டேன் என்பதற்கும் அப்படித்தான் ஆட்டுவாள். மேற்பார்வையாளரிடம், ஆவணி பிறந்ததும் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவரும் ஓகே லா என்று சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளரின் ஓகேயை ஏற்றிக்கொள்ள மென்பொருளில் இடம் இல்லை.

கெடு முடிந்த மறுநாள் காலை வாசலில் அவள் அட்டை சிவப்பு காட்டியது. காவலர் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், காவல் கொட்டகை பெஞ்சில் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வந்தது கோபம்தான்.

"அந்த ஒரு பொத்தான அழுத்தறதுக்கு உனக்கு என்னா கேடு? எல்லாரும் ஆடிப்பெருக்கு அன்னைக்கு அழுத்துனாங்கல்ல?"

அவள் பையின் வாரைச் சுற்றிக்கொண்டே பேசினாள். "அவருக்கு ஆப்பரேஷன் பண்ணப்போ ஆஸ்பத்திரில என்னையத்தான் கையெழுத்துப் போடச் சொன்னாங்க அக்கா. அன்னைக்கும் ஆடிப்பெருக்குதான். நல்ல நாளு, தைரியமா போடுன்னு எல்லாரும் சொன்னாங்க. போட்டேன். அவரு திரும்பி வரல. அதுக்கப்புறம் ஆடி மாசத்துல எதுலயும் என் கை போகமாட்டேங்குது."

இத்தனை வருடம் அவளுக்கு ஒப்பந்தம் போட்டவள் நான், இது எனக்குத் தெரியாது. சற்குணத்துக்கும் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை என்பதுதான் விஷயம்.

கிரிஷிடம் போனேன். 'மேடம்' என்று தொடங்கினார். கணக்கு மூடியாகிவிட்டது, மூடியதைத் திறக்க முடியாது. திரும்ப வேலைக்கு வேண்டுமென்றால் புது ஆளாக வரட்டும். ஆனால் வரிசை வேலைக்குப் புது ஆள் எடுப்பதை நாங்கள் அந்த வருடம்தான் ஆள் அனுப்பும் ஒரு குத்தகைக்காரரிடம் விட்டிருந்தோம். அப்படி வந்தால் அவள் எங்கள் தொழிலாளி இல்லை, குத்தகைக்காரரின் ஆள். பழைய வருடங்கள் எல்லாம் போய்விடும், கிளினிக் அட்டை போய்விடும், எந்த மாதமும் நீ வேண்டாம் என்று அவர் சொல்லிவிடலாம். அவள் வயதுக்கு வேறு தொழிற்சாலையும் எடுக்காது. அட்டவணையில் ஒரு கட்டம் பச்சையாக இல்லை என்பதற்காக ஒரு குடும்பம் தடுமாற வேண்டுமா என்று கேட்டேன். ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லாருக்கும் தளர்த்த வேண்டி வரும் என்றார். எல்லாரும் ஏற்கெனவே அழுத்திவிட்டார்களே, இனி யாருக்குத் தளர்த்தப் போகிறீர்கள் என்றேன். அவர் மடிக்கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். கீழே முடியாத விஷயங்கள் மேலே போகும் என்பது ஆபீஸ் முறை. இருவரும் மிஸ்டர் லிம் அறைக்குப் போனோம்.

கிரிஷ் மடிக்கணினியைத் திறந்து, ஏற்புகள், நிராகரிப்பு, விதிமுறை என்று வண்ண வண்ணமாக விளக்கினார். மிஸ்டர் லிம் சீனத் தேநீரைக் குடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பி, அந்தப் பெண் ஏன்தான் அழுத்தவில்லை என்று மலாயில் கேட்டார்.

"எங்களுக்கு இது ஆடி மாசம், பாஸ். உங்க ஏழாம் மாசம் மாதிரி" என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்தார். எப்போது முடியும் என்றார். இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது என்றேன். கிரிஷைப் பார்த்து, "துங்கு லா" என்றார்.

மலாயில் துங்கு என்றால் காத்திரு. மென்பொருள் காத்திருக்காது என்று கிரிஷ் சொல்லிப் பார்த்தார். அந்த மென்பொருளை விற்றவர்கள் எனக்காக ஒரு மாதம் காத்திருந்தார்களே என்று மிஸ்டர் லிம் கேட்டார். குரல் உயரவே இல்லை. அடுத்த ஃபைலை எடுத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார், நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

உத்தரவு கிடைத்துவிட்டது, நிறைவேற்றுவதுதான் பெரும்பாடு. காத்திருப்பதற்கு ஒரு நிலையைப் புதிதாக உருவாக்க வேண்டும், அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்றார் மென்பொருள் நிறுவனத்து ஆலோசகர். காணொளியில் நீண்ட விவாதம் நடந்தது. மதம் என்று போடக்கூடாது, நிறுவனக் கொள்கை. மூடநம்பிக்கை என்று போட்டால் மிஸ்டர் லிம் கண்ணில் படும். கடைசியில் 'சீசனல்' என்று முடிவானது. எந்தப் பருவம் என்று ஆலோசகர் கேட்டார். ஆளுக்கு ஆள் மாறும் என்று கிரிஷ் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னார். அந்த நிமிடத்தில்தான் அவரை எனக்குப் பிடித்துப் போனது.

அது தயாராகும்வரை சாந்தி எப்படி உள்ளே வருவது? அதற்கும் வழி சொன்னவர் கிரிஷ்தான், மறுக்க மாட்டேன். விசிட்டராக வரட்டும் என்றார். ஆக, மிச்ச ஆடி முழுவதும் சாந்தி தன் சொந்தத் தொழிற்சாலைக்கு விருந்தாளியாக வந்தாள். விசிட்டருக்கு உண்டான விதிகள் எல்லாம் அவளுக்கும் உண்டு. காலையில் பாதுகாப்புப் படத்தைப் பார்க்க வேண்டும். அதில் சோதனை மேசையில் உட்கார்ந்து எப்படிப் பத்திரமாக வேலை செய்வது என்று காட்டுகிற பெண்ணே சாந்திதான். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் வேலை என்று எழுதினால் கணினி ஏற்கவில்லை. காவலர் யோசித்து, கல்விச் சுற்றுலா என்று எழுதிவிட்டார். துணையில்லாமல் உள்ளே விடக்கூடாது என்பதால், தினமும் நானே ஆரஞ்சு அங்கி போட்ட அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் மேசையில் உட்கார வைத்துவிட்டு வந்தேன். வரிசைப் பெண்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள். சாந்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மாலையில் வெளியே போகும்போது, உங்கள் வருகை எப்படி இருந்தது என்று ஒரு திரை கேட்கும். சிரித்த முகம் போட்ட பொத்தானைத் தினமும் அழுத்திவிட்டுப் போனாள்.

ஆவணி பிறந்த அன்று தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். முந்தின நாள்தான் அந்தப் புது நிலை தயாரானது; ஆடியே முடிந்துவிட்டதால் அவளை அதில் போடாமல், ஆலோசகர் அவள் கணக்கை நேராகவே திறந்துவிட்டிருந்தார். நான் அவளை உட்கார வைத்து, கைப்பேசியில் ஒப்பந்தத்தைத் திறந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நோட்டீஸ் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டேன். எத்தனை வருடமாகக் கேட்கிறீர்கள் அக்கா என்று சொல்லிவிட்டுப் பதிலைச் சொன்னாள். கைப்பேசியை அவள் கையில் கொடுக்கவில்லை, மேசையில் வைத்தேன். கிரிஷ் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தி விரலை வைத்து அழுத்தினாள். பிறகு அழுதாள்.

அதன் பிறகு நான் இருந்தவரை அந்த ஹோல்டுக்கு நல்ல கிராக்கி. ஏழாம் மாதம் வந்தால் சீனப் பொறியாளர்கள் அதில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மெக்காவுக்கு உம்ரா போய் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒரு மலாய் சகோதரி கேட்டாள். பதவி உயர்வு ஒப்பந்தம் வந்தபோது கிரிஷே மூன்று நாள் அதில் இருந்தார். கேட்டதற்கு, அம்மா அட்டமி நவமி பார்க்கச் சொன்னார் என்றார். லெகஸியா என்று நான் கேட்கவில்லை. அவர் காது மட்டும் சிவந்தது.

அடுத்த ஆடியில், இனி பயமில்லை, ஹோல்டில் போட்டுவிடுகிறேன் என்று சொல்ல சாந்தியின் மேசைக்குப் போனேன். அவள் ஏற்கெனவே அழுத்திவிட்டிருந்தாள். பொத்தான் உயிர் பெற்ற முதல் நாளே, ஆடி நடுவில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன். உருப்பெருக்கிக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில, கொஞ்சம் நேரம் குடுங்கன்னு கேட்டேன் அக்கா. நேரமில்ல, போடுன்னாங்க. அதான் மனசுல நின்னுருச்சு. இங்க காத்திருக்கலாம்னு சொல்லிட்டீங்கல்ல. அப்புறம் காத்திருக்கணும்னு தோணல."

அதனால்தான் பவித்ரா, யாருக்காகப் போட்டோமோ அவள் பெயர் அதில் ஒருமுறைகூட இல்லை. புதிய மென்பொருளில் அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், எடுக்க மட்டும் விடாதே. எடுக்கலாமா வேண்டாமா என்று உடனே முடிவு சொல்லச் சொல்லி அவர்கள் உன்னை நெருக்கினால், இப்போது ஆடி நடக்கிறது, ஆவணி பிறந்ததும் சொல்கிறேன் என்று சொல்லிவிடு.